இன்னும் ஒரே ஒரு குழி

நடுவர் அவர்களே, எதிரே உட்கார்ந்திருக்கிற நண்பர்களே, இந்த மழைக்குள்ளும் காலி வீதி டிராபிக்குக்குள்ளும் வெள்ளவத்தை வரைக்கும் வந்து சேர்ந்திருக்கிற சபையோரே, வணக்கம்.

தலைப்பை இன்னொரு தரம் வாசித்துவிடுகிறேன், ஏனென்றால் எனக்கு முன்னால் பேசின எதிரணி நண்பர் அதை வாசிக்காமலே பேசிவிட்டுப் போய்விட்டார் என்று எனக்குச் சின்னதாக ஒரு சந்தேகம். "மெட்டல் டிடெக்டரோடு புதையல் தேடுகிற பொழுதுபோக்கு ஒரு போதையாக மாறக்கூடுமா?" மாறக்கூடுமா என்றுதான் கேட்டிருக்கிறார்கள். எல்லாருக்கும் மாறுமா என்று கேட்கவில்லை. அவர் என்ன சொன்னார்? காலாற நடக்கிறார்கள், நல்ல காற்று வாங்குகிறார்கள், சரித்திரத்துக்குத் தொண்டு செய்கிறார்கள், உலக சுகாதார ஸ்தாபனத்தின் நோய்ப் பட்டியலில் இது இல்லை, ஆகவே இது போதை இல்லை. முதல் மூன்றையும் நான் அப்படியே ஒத்துக்கொள்கிறேன். இங்கிலாந்தில் பொதுமக்கள் கண்டெடுக்கிற பழம்பொருட்களைப் பதிவு செய்ய 1997இல் ஒரு திட்டம் தொடங்கினார்கள், அதில் இன்றைக்குப் பத்து லட்சத்துக்கும் மேலான பொருட்கள் இருக்கின்றன, அதில் பெரும்பகுதி இந்த டிடெக்டர்காரர்கள் மண்ணுக்குள் கை விட்டு எடுத்துக் கொடுத்ததுதான். மிகவும் நல்ல விஷயம். ஆனால் தவறணைக்கு நடந்து போகிறவருக்கும் காலுக்குப் பயிற்சி கிடைக்கத்தான் செய்கிறது, வழியில் காற்றும் இலவசம். அதற்காக அவர் உடற்பயிற்சிக்குப் போகிறார் என்று அவருடைய மனைவியிடம் போய்ச் சொல்லிப் பாருங்கள்.

நாலாவது விஷயத்தைப் பற்றிப் பிறகு சொல்கிறேன். முதலில் என் அத்தானைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவர் இங்கே இல்லை, இங்கிலாந்தில் கென்ட் பக்கம் இருக்கிறார், அதனால்தான் இவ்வளவு தைரியமாகக் கதைக்கிறேன்.

இரண்டு வருடத்துக்கு முன்னால் அக்கா வீட்டுக்குப் போயிருந்தபோது, ஒரு நவம்பர் மாதக் காலையில், இன்னும் வடிவாக விடியவில்லை, அத்தான் என்னையும் எழுப்பிக் கூட்டிக்கொண்டு போனார். பெரிய வயல், உழுது போட்டிருக்கிறது, சொந்தக்காரரிடம் முன்கூட்டியே அனுமதி வாங்கியிருக்கிறார், அதெல்லாம் ஒழுங்கு. கையில் அந்தத் தடி, நுனியில் வட்டமான தட்டு, காதில் ஹெட்போன். தட்டை மண்ணுக்கு ஓர் அங்குலம் மேலே பிடித்து இடமிருந்து வலம், வலமிருந்து இடம், வாசல் கூட்டுகிற மாதிரி, ஒரு பாதத்துக்கு ஒரு பாதம் வைத்து நகர்கிறார். நமக்கு மெட்டல் டிடெக்டர் என்றாலே ஞாபகம் வருவது சோதனைச் சாவடிதான், பையைத் திறந்து காட்டிவிட்டுக் கையைத் தூக்கிக்கொண்டு நின்ற தலைமுறை நாங்கள். அந்தச் சாமானை ஒருவர் காசு கொடுத்து வாங்கி, லீவு நாளில் ஆசையோடு காவிக்கொண்டு திரிவார் என்று நான் நினைத்தே பார்த்ததில்லை.

திடீரென்று ஒரு 'பீப்'. அத்தானுடைய முகத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். என் மருமகள் பிறந்தபோது ஆஸ்பத்திரி வாசலில் அந்த முகத்தைப் பார்த்திருக்கிறேன், அதற்குப் பிறகு அன்றைக்குத்தான் பார்த்தேன். முழங்காலில் விழுந்தார். சின்ன மண்வெட்டியால் மண்ணை ஒரு கேக் துண்டு மாதிரி வெட்டிப் புரட்டினார், கரட் கிழங்கு அளவில் இன்னொரு கருவியை உள்ளே விட்டார், அது விர்ரென்று நடுங்கியது, கட்டியை விரலால் உடைத்தார், உடைத்தார், இன்னும் உடைத்தார். உள்ளே என்ன? டின் சோடா திறக்கும்போது பிய்த்து எறிவோமே, அந்த அலுமினிய வளையம்.

எனக்குச் சிரிப்பு வந்தது. அவர் சிரிக்கவும் இல்லை, கவலைப்படவும் இல்லை. வளையத்தைக் காற்சட்டையில் துடைத்துப் பைக்குள் போட்டார். ஏன் குப்பையைச் சேர்க்கிறீர்கள் என்று கேட்டேன், விட்டுவிட்டுப் போனால் அடுத்த முறையும் இதையே தோண்ட வேண்டி வரும் என்றார். சொல்லிக்கொண்டிருக்கும்போதே ஒரு காலால் குழியை மூடுகிறார், கையில் இருக்கிற தட்டு அடுத்த பக்கம் போய்விட்டது.

இந்த இடத்தில்தான், நடுவர் அவர்களே, வழக்கே இருக்கிறது. இந்தக் கருவி தன் தட்டிலிருந்து மண்ணுக்குள் ஒரு காந்தப் புலத்தை அனுப்பும், உள்ளே உலோகம் இருந்தால் அதில் சின்னதாக மின்னோட்டம் சுழலும், அதிலிருந்து திரும்பி வருகிற பதிலை வைத்துத் திரையில் ஓர் எண், காதில் ஒரு சத்தம். இரும்பாணி என்றால் பெரும்பாலும் சொல்லிவிடும், ஒதுக்கிவிடலாம். ஆனால் அந்த அலுமினிய வளையமும் ஒரு தங்க மோதிரமும் இந்தக் கருவிக்குக் கிட்டத்தட்ட ஒரே ஆள். ஒரே எண்ணுக்குப் பக்கத்தில் விழும், ஒரே மாதிரிக் கத்தும். குப்பை வேண்டாம் என்று அந்தச் சத்தத்தை ஒதுக்கினால் மோதிரமும் போய்விடும். ஆகவே ஒவ்வொரு 'பீப்'புக்கும் குனிந்துதான் ஆக வேண்டும். ஒவ்வொரு குழியும் ஒரு சுவீப் டிக்கட். ஒரே வித்தியாசம், சுவீப் டிக்கட்டை ஒரு நாளைக்கு இருநூறு தரம் சுரண்ட முடியாது.

ஸ்கின்னர் என்று ஓர் அமெரிக்க உளவியலாளர் இருந்தார், புறாக்களைக் கூண்டில் வைத்துப் பரிசோதனை செய்தவர். பொத்தானைக் கொத்தும் ஒவ்வொரு தடவையும் தானியம் விழுந்தால் புறா பசித்தால் கொத்தும், வயிறு நிறைந்தால் போய் மூலையில் இருந்துவிடும். எப்போது விழும் என்று தெரியாதபடி சில தடவை மட்டும் விழ வைத்தால் அந்தப் புறா விடாமல் கொத்திக்கொண்டே நிற்கும், தானியத்தை நிறுத்தின பிறகும் கனநேரம் கொத்தும். சூதாட்ட மெஷின்களுக்குள் இருக்கிற சூட்சுமமும் இதுதான். பிறகு வொல்ஃப்ராம் ஷுல்ட்ஸ் என்பவர் குரங்குகளின் மூளையைக் கவனித்தார். ஓர் அடையாளம் தெரிந்தால் அதற்குப் பின்னால் பழச்சாறு வரும் என்று பழகிவிட்ட குரங்குக்கு, சாறு வரும்போது மூளையில் டோபமைன் என்கிற ரசாயனத்தைச் சுரக்கிற செல்கள் துள்ளுவதில்லை, அடையாளத்தைக் கண்டவுடனே துள்ளுகின்றன. அத்தானுக்கும் சாறு தேவையில்லை, விளங்குகிறதா? 'பீப்' போதும். ஆஸ்பத்திரி வாசலில் பார்த்த முகத்தை வயலிலும் பார்த்தேன் என்றேனே, வயலில் பார்த்தது மண்ணுக்குள் ஏதோ கண்டெடுத்த முகம் இல்லை, காதில் சத்தம் கேட்ட முகம்.

சரி, நாலாவது விஷயம். உலக சுகாதார ஸ்தாபனத்தின் பட்டியலில் இது இல்லையாம். உண்மைதான், இல்லை. சூதாட்டம் இருக்கிறது, வீடியோ கேம் இருக்கிறது. ஆனால் கேம் எப்போது உள்ளே வந்தது? 2022 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த பதினோராவது பதிப்பில்தான். அதற்கு முந்தின நாள் வரைக்கும் விடிய விடிய விளையாடிச் சோறு தண்ணீர் மறந்த பிள்ளைகள் எல்லாம் சுகமாக இருந்தார்களா? பட்டியல் எப்போதும் நோய்க்குப் பின்னால்தான் வரும். அதைவிட, கேம் விஷயத்தில் அந்தப் பட்டியல் என்ன கேட்கிறது என்று பாருங்கள். எத்தனை மணித்தியாலம் என்று கேட்கவில்லை. கட்டுப்பாடு கையை விட்டுப் போய்விட்டதா, மற்ற எல்லாவற்றுக்கும் முன்னால் இது வந்து நிற்கிறதா, கேடு வந்த பிறகும் தொடர்கிறதா, இதெல்லாம் பொதுவாக ஒரு வருடமாவது நீடித்திருக்கிறதா. இவ்வளவுதான்.

என் மருமகளுடைய சாமத்திய வீடு. மண்டபம் எடுத்து, இங்கிருந்து சேலை அனுப்பி, தடபுடலாகச் செய்தார்கள். அன்று விடியற்காலை அத்தானைக் காணவில்லை. முதல் நாள்தான் அந்த வயலை உழுதிருக்கிறார்கள், உழுத கையோடு போனால்தான் அடியில் கிடக்கிறது மேலே வந்திருக்கும், வேறு ஆள் போவதற்கு முன்னால் ஒரு சுற்று, ஒரே ஒரு சுற்று. நேரத்துக்கு வந்துவிட்டார், அதைச் சொல்லத்தான் வேண்டும். ஆனால் அல்பத்தில் அவர் தட்டம் பிடித்துக்கொண்டு நிற்கிற படத்தில் பத்து விரல் நகத்துக்குள்ளும் கறுப்பாக மண். அக்கா அந்தப் பக்கத்தைக் காட்டும்போது ஒன்றும் சொல்லமாட்டா, விரலால் தொட்டுவிட்டு அடுத்த பக்கத்தைத் திருப்புவா. புது மெஷின் வாங்கியதற்குப் பாதி விலை சொல்லியிருக்கிறார் என்பதும், வீட்டில் மைக்ரோவேவ் 'பீப்' அடித்தால் ஆள் திடுக்கிட்டுத் திரும்புவார் என்பதும் அவ சொல்லித்தான் தெரியும். "காசு போனால் போகட்டும், ஆள் வீட்டில் இருந்தால் காணும்" என்றா.

இதெல்லாம் ஒன்றும் கிடைக்காத ஆற்றாமை, ஏதாவது கிடைத்தால் அடங்கிவிடும் என்று எதிரணி சொல்லும். கிடைத்ததே! முதலாம் எலிசபெத் காலத்து வெள்ளிக் காசு ஒன்று, கறுத்துப் போய், நகம் அளவு மெல்லிசாக. பெரிய விலை இல்லை, நம்முடைய கணக்கில் ஒரு நல்ல சேலைக்குக் காணும். அது கிடைக்கும் வரைக்கும் கிழமைக்கு ஒரு தடவை போனவர், கிடைத்த பிறகு மூன்று தடவை போகிறார். சூதில் வென்றவனைத் தூண்டில் முள்ளை விழுங்கின மீன் என்று நம்முடைய பழையவர்கள் சொல்லிவைத்தது சும்மா இல்லை.

எதிரணித் தலைவர் எரிக் லோஸ் கதையைச் சொன்னார், அரங்கமே கைதட்டியது, நானும் தட்டினேன். 1992இல் ஹொக்ஸ்ன் என்ற ஊரில், நண்பர் தொலைத்த சுத்தியலைத் தேடப் போய், ரோமர் காலத்துத் தங்கக் காசும் வெள்ளிக் கரண்டியுமாகப் பெரும் புதையலைக் கண்டார், முழுவதையும் தானே அள்ளாமல் உரியவர்களுக்கு அறிவித்துவிட்டு ஒதுங்கினார், பதினேழரை லட்சம் பவுண் வெகுமதி. அருமையான மனிதர். ஆனால் தலைவரே, அவர் போனது சுத்தியலுக்கு! சுத்தியல் கிடைத்தால் வீட்டுக்குப் போகலாம். புதையலுக்கு அந்த வசதி இல்லை, அதற்கு முடிவே கிடையாது.

நம்பிக்கை இல்லையென்றால் மெல் ஃபிஷரைப் பாருங்கள். 1622இல் புளோரிடாப் பக்கம் புயலில் தாழ்ந்த 'அட்டோச்சா' என்ற ஸ்பானியக் கப்பலைப் பதினாறு வருடம் தேடினார். "இன்றைக்குத்தான் அந்த நாள்" என்று ஒவ்வொரு நாளும் சொல்வாராம். 1975 ஜூலை 20, தேடப் போன படகு கவிழ்ந்து அவருடைய மகன், மருமகள், இன்னொரு சுழியோடி, மூன்று பேர் போனார்கள். அவர் நிறுத்தவில்லை. சரியாகப் பத்து வருடம் கழித்து, 1985 ஜூலை 20, அதே தேதியில், வெள்ளிக் கட்டிகள் மலை மாதிரிக் கிடைத்தன. விடாமுயற்சி என்று எதிரணி சொல்லலாம், மகனைக் கொடுத்த பிறகும் நிற்க முடியாததற்கு நான் வேறு பெயர் வைத்திருக்கிறேன். கிடைத்த பிறகாவது முடிந்ததா? கப்பலின் மிச்சத்தைத் தேடினார்கள், 1998இல் அவரும் போய்ச் சேர்ந்தார், தேடல் அவருக்குப் பிறகும் நடந்தது.

இங்கே இரத்தினபுரியில் மாணிக்கக் கல் கிடக்கிற சரளைப் படைக்கு சிங்களத்தில் 'இல்லம' என்று பெயர். அந்த இல்லத்தைத் தேடி இந்த இல்லத்தை அடகு வைத்தவர்கள் உங்களுக்குத் தெரிந்த வட்டத்திலேயே ஒருவராவது இருப்பார், நான் பெயர் கேட்கப் போவதில்லை. இரவோடிரவாகப் பழைய தாதுகோபங்களை உடைத்துத் தோண்டுகிற கூட்டத்தைப் பற்றியும் பேசப் போவதில்லை, அது பேராசை, பொலிஸ் பார்த்துக்கொள்ளும்.

ஒன்று மட்டும் கேட்கிறேன். வன்னியில் கண்ணிவெடி அகற்றுகிறவர்களைப் பார்த்திருக்கிறீர்களா? அதே மாதிரித் தடி, அதே தட்டு, அதே 'பீப்', அதே முழங்கால். நாள் முழுக்க அவர்களும் அங்குலம் அங்குலமாகத்தான் தோண்டுகிறார்கள், அவர்களுக்கும் கிடைக்கிறதில் பெரும்பகுதி ஆணியும் தகரமும்தான். வேலை நேரம் முடிந்ததும் முகமூடியைக் கழற்றிவிட்டு வீட்டுக்குப் போய் சமைக்கிறார்கள். ஏன்? அவர்களுக்கு அந்தச் சத்தம் ஒன்றும் இல்லாமல் போனால் நிம்மதி. என் அத்தானுக்கு நேர்மாறு. போதை அந்தக் கருவிக்குள் இல்லை, 'இதுவாக இருக்குமோ' என்கிற அந்த அரை நிமிடத்துக்குள் இருக்கிறது. புதையலைப் பூதம் காக்கும் என்று பாட்டி சொல்வா, பூதம் பானைக்கு மேலே இல்லை, தேடுகிறவருடைய தோளில் ஏறி உட்கார்ந்திருக்கிறது.

மணி அடித்துவிட்டீர்களா? நடுவர் அவர்களே, இன்னும் ஒரே ஒரு நிமிடம். சிரிக்காதீர்கள், அவரும் இப்படித்தான் கேட்பார், இன்னும் ஒரே ஒரு குழி.

போன மார்கழியில் அக்கா குடும்பத்தோடு வந்து மூன்று கிழமை நின்றார்கள். மெஷினைக் கொண்டு வரவே வேண்டாம், இங்கே அதைத் தூக்கிக்கொண்டு தோண்டினால் உள்ளே போட்டுவிடுவார்கள், 1940ஆம் ஆண்டிலேயே தொல்பொருள் கட்டளைச் சட்டம் போட்ட நாடு இது என்று நான்தான் வட்ஸ்அப்பில் எழுதி அனுப்பினேன். நல்ல பிள்ளையாக வெறுங்கையோடு வந்தார். ஒரு பின்னேரம் தண்டவாளத்தைக் கடந்து கடற்கரைப் பக்கம் நடக்கிறோம், மழை வரும் போல இருந்ததால் கையில் குடை. அக்கா எனக்குக் கண்ணைக் காட்டினா. பார்த்தால், குடையின் நுனி மணலுக்கு ஓர் அங்குலம் மேலே, இடமிருந்து வலம், வலமிருந்து இடம். அவருக்கே தெரியவில்லை. அப்படியே கொஞ்சத் தூரம் போய் நின்று, குனிந்து, மணலைக் கால் விரலால் ஒதுக்கி எதையோ எடுத்தார். டின் சோடா வளையம். காற்சட்டையில் வடிவாகத் துடைத்து, சட்டைப் பைக்குள் போட்டுவிட்டு என்னைப் பார்த்துச் சொன்னார்: "இனி இதைத் தோண்டத் தேவையில்லைதானே."