யாரை அளந்து சொன்ன நார்மல்?

(சிங்கப்பூர் தோ பாயோவில் ஒரு சமூக மன்றத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

எல்லாருக்கும் வணக்கம். சனிக்கிழமை மாலையில் எலும்பைப் பற்றிக் கேட்க இவ்வளவு பேர் வருவீர்கள் என்று ஏற்பாட்டாளர்களே எதிர்பார்க்கவில்லை போலிருக்கிறது, நாற்காலி தேடிக்கொண்டிருக்கிறார்கள்.

ஸ்கேன் எடுத்தவர்கள் அறிக்கையில் முதலில் பார்ப்பது, நார்மலா இல்லையா என்பதைத்தான். அந்த நார்மலை யாரை அளந்து முடிவு செய்தார்கள் என்பதே இன்றைய பேச்சு. தொடை எலும்பை எடுத்துக்கொள்கிறேன். உடம்பிலேயே நீளமான எலும்பு அது, உயரத்தில் ஏறக்குறைய நாலில் ஒரு பங்கு. நீளத்தில் பெரிய புதிர் ஒன்றுமில்லை. சுவாரசியமெல்லாம் கோணங்களில் இருக்கிறது.

தொடை எலும்பின் மேல்முனையில் ஓர் உருண்டைத் தலை. அதைத் தண்டோடு இணைக்க ஒரு கழுத்து. கழுத்தும் தண்டும் சேரும் கோணம் பெரியவர்களுக்கு 125, 130 பாகையை ஒட்டி இருக்கும். இரண்டாவது கோணம் இன்னும் முக்கியம். எலும்பை மேசைமேல் மல்லாக்கப் படுக்க வையுங்கள். முழங்கால் பக்கத்துக் குமிழ்கள் இரண்டும் மேசையில் படியும். கழுத்து மட்டும் மேல்நோக்கி எழும்பி நிற்கும். உடம்பில் பார்த்தால், முன்பக்கம் திரும்பியிருக்கிறது என்று பொருள். இந்த முன்திருப்பம் பிறந்த குழந்தைக்கு 30 முதல் 40 பாகை. வளர வளரக் குறைந்து, பெரியவர்களில் சராசரி 10 முதல் 15.

சராசரி என்றதும் எல்லாருக்கும் அதுதான் என்று எண்ணிவிடாதீர்கள். எந்த வலியுமில்லாமல் ஓடியாடுகிறவர்களிலேயே பூஜ்யத்துக்குக் கீழே, அதாவது பின்பக்கம் திரும்பிய கழுத்தோடு இருப்பவர்கள் உண்டு. 30 பாகையைத் தொட்டவர்களும் உண்டு. ஒரே ஆளின் இரண்டு காலுமே சில பாகை வேறுபடும்.

பரதம் கற்கும் பிள்ளைகளின் பெற்றோர் இங்கே இருப்பீர்கள். அரைமண்டியில் முட்டிகள் பக்கவாட்டில் விரிய, அந்த விரிவு இடுப்பு மூட்டிலிருந்து வரவேண்டும். முன்திருப்பம் அதிகமுள்ள பிள்ளைக்குத் தொடை உள்பக்கம் எளிதாகத் திரும்பும். வெளிப்பக்கம் திரும்ப இடம் குறைவு. "இன்னும் விரி, இன்னும் விரி" என்று அதட்டினால், அது முட்டியையும் கணுக்காலையும் முறுக்கித்தான் ஈடுகட்டும். பாவம், அந்தப் பிள்ளைக்குச் சோம்பேறிப் பட்டம் வேறு. நடன ஆசிரியர்கள் என்னைக் கோபித்துக்கொள்ளக் கூடாது.

சரி, இந்தக் கோணங்களை எப்படி அளக்கிறார்கள்? எலும்பு அடர்த்தி ஸ்கேன் எடுத்தவர்களுக்குத் தெரியும், பாதத்தை உள்பக்கமாகத் திருப்பிக் கட்டிவிடுவார்கள். முன்பக்கம் திரும்பிய கழுத்தைப் படுக்கைக்கு இணையாகக் கொண்டுவரத்தான் அது. திருப்பாமல் எடுத்தால் படத்தில் கழுத்து குட்டையாகத் தெரியும், கழுத்துக்கும் தண்டுக்கும் இடையிலான கோணம் கூடுதலாகத் தெரியும். எலும்பு அதேதான். சிடி ஸ்கேனில் இந்தத் தொல்லை குறைவு. ஆனால் கழுத்தின் நடுக்கோட்டை எங்கே வரைவது என்பதில் முறைக்கு முறை வித்தியாசம் உண்டு. முறை மாறினால் அதே காலின் முன்திருப்பம் 10 பாகை அளவுக்குக்கூட மாறும். அளந்த முறையைச் சொல்லாமல் எண்ணை மட்டும் நீட்டுகிறவரை நான் நம்புவதில்லை.

இன்னொரு சிக்கல்: நோயில்லாதவரை எதற்காக சிடி கதிரில் படுக்கவைப்பது? அதனால் வேறு காரணத்துக்காக எடுத்த படங்களைத் தேடுகிறார்கள், அல்லது அருங்காட்சியக எலும்புகளை அளக்கிறார்கள். அமெரிக்காவில் பெயர்பெற்ற ஹமான்-டாட், டெரி தொகுப்புகளில் பெரும்பகுதி, உரிமை கோர ஆளில்லாத ஏழைகளின் உடல்களிலிருந்து வந்தவை. அவர்களை ஆரோக்கியத்தின் அளவுகோல் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

ஆரோக்கியமானவர்களை உண்மையிலேயே அளந்தபோது என்ன ஆயிற்று? தலையும் கழுத்தும் சேருமிடம் சிலருக்கு உள்வாங்காமல் புடைத்திருக்கும். அந்தப் புடைப்பு இடுப்புக் கிண்ணத்தின் விளிம்பில் இடித்து வலி தரலாம். 2002இல் சுவிட்சர்லாந்து மருத்துவர்கள் இதை அளக்க ஆல்ஃபா கோணம் என்று ஒன்றைக் கொண்டுவந்தார்கள்; புடைப்பு கூடினால் கோணமும் கூடும். வலியுள்ளவர்களுக்குச் சராசரி 74 பாகை, ஒப்பீட்டுக்கு அளந்த 35 பேருக்கு 42. வேலை முடிந்தது என்றே தோன்றும். ஆனால் 2010இல் வெளிவந்த கனடா ஆய்வில், இடுப்பு வலியே இல்லாத 200 பேரை எம்ஆர்ஐயில் பார்த்தார்கள். 14 விழுக்காட்டினருக்கு ஒரு பக்கமாவது அந்தப் புடைப்பு இருந்தது, பெரும்பாலும் ஆண்களுக்கு. ஆகவே வலியும் புடைப்பும் ஒரே இடுப்பில் இருந்தாலும், வலிக்குக் காரணம் புடைப்புதான் என்று உடனே சொல்லிவிட முடியாது.

கணக்கையும் கொஞ்சம் பாருங்கள். ஆரோக்கியமானவர்களில் நடுவே உள்ள 95 விழுக்காட்டினரை உள்ளே வைத்துத்தான் வழக்கமாக எல்லை போடுகிறார்கள். மீதி 5 விழுக்காட்டினர் ஒரு நோயும் இல்லாமலே வெளியே நிற்பார்கள். ஒன்றையொன்று சாராத 20 அளவுகள் எடுத்தால், ஒன்றாவது எல்லை தாண்டுவதற்குத்தான் வாய்ப்பு அதிகம்.

இப்போது நம் ஊருக்கு வருவோம். எலும்புத் தேய்மானத்துக்கு உலக சுகாதார நிறுவனம் வைத்திருக்கும் அளவுகோல், 20 முதல் 29 வயது வரையான அமெரிக்க வெள்ளைக்காரப் பெண்களின் தொடை எலும்புக் கழுத்து அடர்த்தி. அந்த அளவுகோலின்படி, தேக்கா சந்தையில் காய்கறி வாங்கும் நம் பாட்டியையும் அதோடுதான் ஒப்பிட வேண்டும். ஆனால் எலும்பு முறியும் வாய்ப்பைக் கணிக்கும் ஃப்ராக்ஸ் கணக்கில் சிங்கப்பூருக்குச் சீனர், மலாய்க்காரர், இந்தியர் என்று மூன்று தனித்தனிப் பிரிவுகள் உண்டு. உங்கள் பிரிவைத்தான் தேர்ந்தெடுத்தார்களா என்று கேளுங்கள்; கேட்பதில் தப்பில்லை.

எல்லைக்குள் இருந்தால் கவலையே இல்லையா என்றால், அப்படியும் இல்லை. தொடை எலும்பு நேரான குழாயல்ல. முன்பக்கம் லேசாக வளைந்தது. ஆசியர் பலருக்கு இந்த வளைவு கூடுதல். முறிந்த எலும்புக்குள் செலுத்தும் பழைய வகைக் கம்பிகள் அவ்வளவு வளைந்தவையாக இல்லாததால், முழங்காலுக்கு மேலே எலும்பின் முன்சுவரில் முனை இடித்தது. பிறகுதான் கூடுதல் வளைவுள்ள கம்பிகள் வந்தன.

வளைவு வேறொரு விதத்திலும் கவனத்துக்கு வந்தது. தேய்மானத்துக்கு அலென்ட்ரோனேட் மாத்திரை சாப்பிட்டு வந்த பெண்களுக்கு, பெரிய அடி எதுவும் படாமலே தொடை எலும்பின் மேல்தண்டு முறிவதைச் சிங்கப்பூர் பொது மருத்துவமனை மருத்துவர்கள் 2007இல் எழுதினார்கள். உலகில் இதை முதலில் கவனித்தவர்களில் நம் ஊர் மருத்துவர்களும் இருந்தார்கள். வளைவு அதிகமுள்ள எலும்பில் வெளிப்பக்கச் சுவர் கூடுதல் இழுவிசை தாங்குகிறது. தண்டின் நடுவில் வரும் இத்தகைய முறிவுகளோடு வளைவுக்குத் தொடர்பு இருப்பதைப் பின்வந்த ஆசிய ஆய்வுகள் காட்டின.

இந்த மாத்திரையால் இடுப்பு முறிவிலிருந்து தப்புகிறவர்களின் எண்ணிக்கை மிக அதிகம். அதனால் நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். பல ஆண்டுகளாகச் சாப்பிட்டு வருகிறீர்கள், தொடையிலோ கவட்டையிலோ விடாத வலி என்றால் பலதுறை மருந்தகத்தில் சொல்லுங்கள். ஒரு காலில் கீறல் தெரிந்தால் மற்றக் காலையும் படமெடுக்கச் சொல்லுங்கள். இந்த வகை முறிவு இரண்டு பக்கமும் வருவது உண்டு.