ஆவணியில குளிர்காலம்: கெல்ப் காட்டுக்கு ஒரு பிளான்

வணக்கம் மக்கள். சத்தம் கேக்குதோ? வாடைக்காத்து மைக்குக்குள்ள இரையுது, குறை நினைக்காதேங்கோ. பின்னால தெரியுறது உப்புவெளிக் கடல். மார்கழி மாசம், பாத்தீங்கள்தானே, தேத்தண்ணி நிறத்தில கிடக்கு. படகெல்லாம் கரையில ஏத்தியாச்சு. நிலாவெளியில டைவிங் வழிகாட்டியா வேலை செய்யிற என்னைப்போல ஆக்களுக்கு இது சும்மா இருக்கிற காலம்.

சும்மா இருந்தா மூளை வேலை செய்யும். கெல்ப் காட்டை, அதுதான் கடலுக்கடியில காடு மாதிரி வளர்ற பெரிய பாசியைப் படம் எடுக்கோணும் எண்டது கனநாள் ஆசை. "குளிர்காலத்தில போ, தண்ணி தெளிவு" எண்டு சொன்னாங்கள். குளிர்காலம் எண்டா டிசம்பர்தானே, எனக்கும் லீவுதானே எண்டு துள்ளிக்குதிச்சன். பிறகுதான் உறைச்சுது. நான் போக நினைச்ச இடம் தென்னாபிரிக்காவில கேப் டவுன், ஃபோல்ஸ் பே எண்ட குடா. அங்க குளிர்காலம் ஜூன், ஜூலை, ஓகஸ்ட். எங்கட சீசன் உச்சத்தில நிக்கிற நேரம்!

ஏன் குளிர்காலத்தில தெளிவு எண்டா, அது எங்களுக்குப் பழகின கணக்குத்தான். வாடைக்கு எங்கட பக்கம் மூடும், ஹிக்கடுவைப் பக்கம் திறக்கும். சோளகத்துக்கு மாறி நடக்கும். அங்கயும் அப்பிடித்தான். கோடையில தென்கிழக்குக் காத்து குடாவுக்குள்ள அடிச்சுக் கலக்கும். குளிர்காலத்தில வடமேற்குக் காத்து கரையில இருந்து கடலுக்கு வீச, குடா தெளியும்.

கெல்ப் பாக்க கலிபோர்னியாவில மொன்ரரேயும் இருக்கு, ஜனவரியில போகலாம், லீவுக்கும் பொருந்தும். புயல் கெல்ப்பின்ர மேல்கொப்பைப் பிச்சு எறிஞ்சிருக்கும், அதால உள்ளுக்கு வெளிச்சம் கூட விழும். ஆனா அதே அலை பத்து நாளும் அடிச்சா ஹோட்டல் யன்னலால கடலைப் பாத்துக்கொண்டு இருக்கோணும். அந்தச் சூதுக்கு என்னட்ட காசில்லை.

சரி, கெல்ப் எண்டா என்ன? மரமில்லை, செடியுமில்லை. பழுப்புப் பாசி. எங்கட கரையில சர்க்காசம் ஒதுங்குமே, சின்னச் சின்னக் குமிழ் வச்சு, நசிச்சா டப்பெண்டு வெடிக்கிறது? அதுக்குப் பெரியப்பா முறை எண்டு வையுங்கோ. வேர் கிடையாது. கல்லை இறுக்கிப் பிடிக்கிற ஒரு பிடி மட்டும்தான், சாப்பாட்டை இலையாலயே உறிஞ்சும். குளிர்ந்த, சத்துள்ள தண்ணி வேணும், அதாலதான் எங்கட 28, 29 பாகைக் கடலில இல்லை. கேப் பக்கம் வளர்ற பெரிய இனம் எக்லோனியா மாக்சிமா. கடல் மூங்கில் எண்டும் சொல்லுவினம். தண்டு உள்ளுக்கு வெறும் குழாய், காத்து நிரம்பினது. அதுதான் பத்து மீற்றருக்கு மேலயும் நிமிர்ந்து நிக்குது.

இப்ப வெளிச்சம். இதில நான் ரெண்டு கிழமை மண்டையை உடைச்சன். காட்டுப் படம் எண்டா கீழ இருந்து மேல பாத்து, கொப்புக்கு நடுவால கதிர் விழுற படம். திருகோணமலையில ஜூன் கடைசியில உச்சிச் சூரியன் 75 பாகை உயரத்தில நிக்கும். அதே நாள் கேப் டவுனில 33 பாகைதான். வெளிச்சம் தண்ணிக்குள்ள இறங்கேக்க முறிஞ்சு கொஞ்சம் நிமிரும்தான், எண்டாலும் சூரியன் தாழ நிண்டா உள்ளுக்கு வெளிச்சம் குறையுமே எண்ட பயம். ஓகஸ்ட் கடைசிக்குக் கணக்குப் போட்டன்: 46 பாகை. குளிர்காலமும் முடியேல்லை. அப்ப ஆவணிதான். பதினொரு மணிக்கும் ரெண்டு மணிக்கும் இடையில மட்டும் படம், மிச்ச நேரம் தேத்தண்ணி. முதலாளியிட்ட இன்னும் சொல்லேல்லை. அம்மாவுக்குச் சொன்னன், "ஆடிக்கூழ் குடிச்சிட்டுத்தானே போவாய்?" எண்டு மட்டும் கேட்டா.

தண்ணி 13 தொடக்கம் 15 பாகை. நான் ரீசேட்டோட இறங்கிற ஆள். அங்க 7 மில்லிமீற்றர் தடிப்பான ரப்பர் உடுப்பு, தலைக்கு மூடி, சப்பாத்து, கையுறை. உடுப்பு மிதக்கும், அதால ஈயக்கட்டி இங்க போடுறதைவிட ரெண்டு மூண்டு மடங்கு வேணும். குளிரில மூச்சும் கூட வாங்கும், காத்துக் கெதியா முடியும்.

கையுறைதான் வில்லன். பழசு ஒரு சோடி வாங்கி, சீசன் முடியிற நேரம் கோணேசர் மலையடியில இறங்கிப் பாத்தன். 1956இல படப்பிடிப்பாளர் மைக் வில்சனும் எழுத்தாளர் ஆர்தர் சி. கிளார்க்கும் பழைய கோயில் தூண்களைக் கண்ட அதே பக்கம். நாப்பது படம் எடுத்தன். முப்பத்தொண்டு என்ர சொந்தக் கால்செட்டை. பட்டன் அமத்துறது விரலுக்குத் தெரியுதே இல்லை!

அதால இப்ப மீன்வாடிக்குப் போய், ஐஸ் பெட்டித் தண்ணிக்குள்ள கையுறையோட ரெண்டு கையையும் அஞ்சு நிமிசம் வச்சு, பிறகு கமராவை எடுத்து, பாக்காமல் எல்லாப் பட்டனையும் தேடிப் பழகுறன். வாடியில இருக்கிற ஐயா ஒராள் முதல் நாள் பாத்திட்டு, "தம்பிக்கு விசரே?" எண்டார். இப்ப அவரே நேரம் பாத்துச் சொல்லுறார்.

இன்னொரு சங்கதி, கமராவைப் போட்டு இறங்கிற தண்ணி புகாத பெட்டியைக் கடற்கரையில மூடக்கூடாது. ஈரக்காத்து உள்ளுக்குப் போய், குளிர்த் தண்ணியில இறங்கினதும் கண்ணாடி பனிச்சிடும். ஏசி அறையில, ஈரம் உறிஞ்சுற சிலிக்கா பையைப் போட்டு மூடோணும்.

கொடி சிக்கினா? திரும்பிச் சுழலக்கூடாது, இன்னும் சுத்தும். நிண்டு, பிடிச்சு, மடிச்சு முறிக்கிறது. இழுத்தா நீளும், மடிச்சா உடையும், அதுதான் கெல்ப். கத்தியும் எட்டுற இடத்தில இருக்கும். சிலிண்டரில காத்தை மிச்சம் வச்சே திரும்போணும், மேல கொப்பு மூடியிருந்தா அதுக்குக் கீழால நீந்தி வெளிய வரவேண்டி வரும்.

அங்க இறங்கின ஆக்கள் ஆரும் இருந்தா கீழ எழுதுங்கோ. எனக்கு ஒண்டுதான் கேள்வி: ஒல்லியான ஆளுக்கு 7 மில்லிமீற்றர் உடுப்பு அங்க வாடகைக்குச் சரியான அளவில கிடைக்குமோ, இல்லாட்டி இங்கயிருந்தே காவிக்கொண்டு போகோணுமோ? மழை துமிக்குது, கமராவை மூடுறன்.