பாடிக் கறக்கிற மாடு

எல்லாருக்கும் வணக்கம்.

மேடையில் இருக்கிற துணை மேயர் அம்மாவுக்கும், கோயில் அறங்காவலர் சபைத் தலைவர் ஐயாவுக்கும், இந்த மண்டபத்தை இலவசமாகத் தந்த பள்ளிக்கூட அதிபருக்கும், காலையிலிருந்து அடுப்படியில் நின்று வடை சுட்ட அக்காமாருக்கும் முதலில் என் நன்றி. துணை மேயர் அம்மாவுக்குத் தமிழ் விளங்காது, ஆனாலும் ஒன்றரை மணித்தியாலமாக இருந்து பிள்ளைகளின் தேவாரத்தையும் நடனத்தையும் ஒன்று விடாமல் பார்த்தார், ஒவ்வொரு பிள்ளைக்கும் கை தட்டினார். முன்வரிசையில் இருக்கிற டாக்டர் ஐயாவை விட்டுவிட்டேன், மன்னிக்க வேண்டும். இந்தப் பக்கத்தில் எங்கள் சனத்திடம் என்ன வருத்தம் என்று தமிழில் கேட்டு மருந்து தந்த முதல் ஆள் அவர்தான்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். புதிதாக வந்தவர்களுக்கு ‘பிரித்தானிய விழுமியங்கள்’ என்றால் என்னவென்று விளங்கப்படுத்தச் சொல்லியிருக்கிறார்கள். மொத்தம் நான்கு: ஜனநாயகம், சட்டத்தின் ஆட்சி, தனிமனித சுதந்திரம், வேறு சமயக்காரரையும் வேறு நம்பிக்கைக்காரரையும் மதித்து நடப்பது. 2011இல் அரசாங்கம் இதை எழுதிவைத்தது, 2014இலிருந்து பள்ளிக்கூடங்களும் சொல்லிக்கொடுக்க வேண்டியிருக்கிறது, உங்கள் பிள்ளைகளின் வகுப்புச் சுவரில் வர்ணக் கடதாசியில் வெட்டி ஒட்டியிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். நான்கையும் ஒவ்வொன்றாகச் சொல்கிறேன். நேரமிருந்தால் வரிசையில் நிற்பது பற்றியும் சொல்கிறேன், இங்கே அதுவும் ஒரு பெரிய விழுமியம்.

நிரந்தர விசாவுக்குப் போகிறவர்கள் ‘லைஃப் இன் தி யூகே’ சோதனை எழுத வேண்டும். 45 நிமிடத்தில் 24 கேள்வி, 18 சரியாக வந்தால் பாஸ், கட்டணம் 50 பவுண். எட்டாம் ஹென்றி மன்னனின் ஆறு மனைவிமாரின் பெயரையும் பாடமாக்கி ஒரே தரத்தில் பாஸ் பண்ணிய தம்பிமார் இந்த மண்டபத்திலேயே இருக்கிறார்கள். அவர்களிடம் உங்கள் கவுன்சிலர் யார் என்று கேட்டால் முழிக்கிறார்கள். அது அவர்கள் பிழை இல்லை, யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை.

என் அம்மம்மா ஒன்று சொல்லுவா: ‘ஆடிக் கறக்கிற மாட்டை ஆடிக் கறக்க வேணும், பாடிக் கறக்கிற மாட்டைப் பாடிக் கறக்க வேணும்.’ இந்த நாட்டு மாடு பாடிக் கறக்கிற மாடு. இங்கே தெரிந்த ஆளைப் பிடித்து, ஒரு கடிதம் வாங்கிக்கொண்டு கந்தோருக்குப் போனால் வேலை நடக்காது. எழுதிக் கேட்க வேண்டும், பதில் வராவிட்டால் திரும்ப எழுத வேண்டும், எம்.பி.யின் ‘சர்ஜரி’க்கு நேரம் எடுத்துப் போக வேண்டும். சர்ஜரி என்றால் வைத்தியம் இல்லை, தொகுதிச் சனத்தை எம்.பி. நேரில் சந்திக்கிற நேரம். அப்புறம், எல்லாவற்றுக்கும் முதல், வாக்காளர் பட்டியலில் உங்கள் பெயர் இருக்க வேண்டும்.

முதலாவது, ஜனநாயகம். இந்த இடத்தில் என் மாமியின் கதையைச் சொல்ல வேண்டும். 2010 மே 6, வியாழக்கிழமை, பொதுத்தேர்தலும் கவுன்சில் தேர்தலும் ஒரே நாளில் வந்தன. மாமி வடமராட்சியிலிருந்து எங்களிடம் வந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை. விடியவே குளித்து, காஞ்சிபுரம் சேலை உடுத்து, திருநீறு பூசி, பாஸ்போர்ட், அடையாள அட்டை, கலியாணச் சான்றிதழ் எல்லாவற்றையும் ஒரு பொலித்தீன் பையில் சுற்றிக் கையில் வைத்துக்கொண்டா. வாக்குச்சாவடி ஒரு ஆரம்பப் பள்ளிக்கூடம். வாசலில் கம்பியில் ஒரு நாய் கட்டியிருந்தது, அதன் எசமான் உள்ளே வாக்குப் போட்டுக்கொண்டிருந்தார். மாமி நின்று அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் பார்த்தா. ‘தம்பி, ஆமி எங்கே?’ என்று என்னைக் கேட்டா. ஆமியும் இல்லை, பொலிசும் இல்லை மாமி என்றேன். ‘அப்ப ஆர் காவல்?’ என்று திரும்பக் கேட்டா.

உள்ளே சின்னப் பிள்ளைகளின் கதிரையில் ஒரு வெள்ளைக்காரப் பெரியவர் இருந்தார். மாமி பையை அவிழ்க்கத் தொடங்க, அவர் வேண்டாம், பெயரும் வீட்டு நம்பரும் சொன்னால் போதும் என்றார். மாமியின் பெயர் நீளமான பெயர். அந்த மனிசன் அவசரப்படாமல் எழுத்துக்கூட்டி முழுவதையும் வாசித்தார், சரியா என்று கேட்டார், பிறகு அடிமட்டம் வைத்து அந்தப் பெயரின் மேல் ஒரு கோடு இழுத்தார். மாமி இடது கைச் சின்னவிரலை நீட்டினா. அவருக்கு விளங்கவில்லை. எங்கள் நாட்டில் மை பூசுவார்கள் என்று நான் சொன்னேன். இங்கே மை இல்லை, நீங்கள் சொன்னதை நம்புகிறோம் என்று அவர் சிரித்துக்கொண்டு சொன்னார். நான் அதை மொழிபெயர்க்க, மாமி அந்த விரலை நீட்டியபடியே கொஞ்ச நேரம் நின்றா. பிறகு பென்சிலைப் பார்த்துவிட்டு, ‘பென்சிலாலே புள்ளடி போட்டால் அழிச்சுப்போடுவாங்கள்’ என்றா. சொந்தப் பேனையாலும் போடலாம், அதற்குத் தடை இல்லை, என் சட்டைப் பையில் இருந்ததைக் கொடுத்தேன். வெளியே வந்து பஸ் நிற்பாட்டு மட்டும் ஒன்றும் கதைக்கவில்லை. பஸ் வந்ததும், ‘என்ரை பேரை முழுசா வாசிச்சவர்’ என்று மட்டும் சொன்னா. துணை மேயர் அம்மாவிடம் இந்தக் கதையைப் பிறகு ஆங்கிலத்தில் சொல்லுவேன். இதுதான் ஜனநாயகம், இதைவிடப் பெரிய விளக்கம் என்னிடம் இல்லை.

இப்போது ஒரு மாற்றம் இருக்கிறது, கவனியுங்கள். 2023 மேயிலிருந்து இங்கிலாந்தில் நேரே போய் வாக்களிக்கப் படத்தோடு ஓர் அடையாளம் காட்ட வேண்டும். இலங்கை, இந்தியப் பாஸ்போர்ட்டே போதும். ஒன்றும் இல்லாதவர்கள் அதற்கென்று ஓர் அத்தாட்சியை இலவசமாக எடுக்கலாம்.

இரண்டாவது, சட்டத்தின் ஆட்சி. 1215இல் ரன்னிமீட் புல்வெளியில் ஜோன் மன்னனைப் பிரபுக்கள் மாக்னா கார்ட்டா என்ற உரிமைச் சாசனத்துக்கு இணங்கவைத்தார்கள், மன்னனும் சட்டத்துக்குக் கட்டுப்பட்டவன் என்ற எண்ணம் அங்கிருந்து வளர்ந்தது. பெரிய குற்ற வழக்கில் 12 சாதாரண ஆட்கள் ஜூரியாக இருந்து தீர்ப்புச் சொல்கிறார்கள். அந்த 12 பேரை எங்கிருந்து எடுக்கிறார்கள்? அதே வாக்காளர் பட்டியலில் இருந்து. பார்த்தீர்களா, எந்தப் பக்கம் போனாலும் அந்தப் பட்டியலில்தான் வந்து நிற்கிறோம்.

நாங்கள் இன்னும் சிற்றிசன் இல்லையே, எங்களுக்கு எப்படி வாக்கு என்று கேட்கிறீர்கள். இலங்கை, இந்தியா, மலேசியா எல்லாம் கொமன்வெல்த் நாடுகள். அந்த நாட்டுக் குடிமக்களுக்கு இங்கே இருக்கச் செல்லுபடியான விசா இருந்து, 18 வயதும் ஆகியிருந்தால், பொதுத்தேர்தலிலேயே வாக்களிக்கலாம். படிக்க வந்த பிள்ளையும் போடலாம், கெயர் ஹோம் வேலைக்கு வந்த தங்கச்சியும் போடலாம். அகதி விண்ணப்பத்துக்கு முடிவு வராதவர்கள் பொறுத்திருக்க வேண்டும். பிரான்ஸ், ஜெர்மனி பாஸ்போர்ட்டோடு வந்தவர்களுக்கு விதி வேறு, என்னைத் தனியாகக் கேளுங்கள். பெயர் கொடுத்தால் விசா விஷயங்களைப் பார்க்கிற ஹோம் ஆபிஸ் தேடி வரும் என்று யாரோ கதை கட்டியிருக்கிறார்கள். உரிமையுள்ளவர் பதிவதால் விசாவுக்கு ஒரு கேடும் இல்லை. வங்கிக் கடனுக்குப் போகும்போது முகவரியை உறுதிப்படுத்தவும் அந்தப் பட்டியல்தான் உதவுகிறது.

வாக்குப் போடாமல் விட்டால் என்ன நடக்கும் என்பதற்கு எங்கள் ஊர்க் கதையே இருக்கிறது. 1931இல் இலங்கைக்குச் சர்வசன வாக்குரிமை வந்தது, பிரித்தானியப் பெண்களுக்கு ஆண்களுக்குச் சமமாக வாக்குக் கிடைத்து மூன்றே வருடத்தில். அந்த வருடமே நடந்த முதல் தேர்தலை யாழ்ப்பாணம் புறக்கணித்தது. முழுச் சுதந்திரம் கேட்ட இளைஞர்களின் நோக்கம் உயர்ந்தது, ஆனால் யாழ்ப்பாணத்தின் நான்கு இடங்களும் 1934 வரை வெறுமையாகக் கிடந்தன. வெறுங்கதிரைக்காக எவரும் பேச மாட்டார்கள். 2024இல் ஸ்ட்ராட்போர்ட் அண்ட் போ தொகுதியில் எங்கள் தமிழ்ப் பிள்ளை உமா குமரன் வென்று பாராளுமன்றம் போனபோது எங்கள் வீட்டில் கேசரி கிண்டினோம். பாடிக் கறக்கிற மாட்டைப் பாடித்தான் கறக்க வேணும்.

மூன்றாவதையும் நான்காவதையும் பேசத் தலைவர் ஐயா நேரம் தரமாட்டார், கடிகாரத்தைக் காட்டுகிறார், நன்றி ஐயா. பின்னுக்கு வடை மேசைக்குப் பக்கத்தில் என் இரண்டு மகள்மாரும் லப்டொப்போடு இருக்கிறார்கள். வாக்காளர் பட்டியலில் பதிய, நேஷனல் இன்சூரன்ஸ் நம்பரும் முகவரியும் சொன்னால் ஐந்து நிமிடம், கையில் இருக்கிற தேத்தண்ணி ஆற முதல் முடிந்துவிடும். நம்பர் தெரியாதவர்கள் சம்பளச் சீட்டைப் பாருங்கள், அதில் இருக்கும்.