தாய்மாமன் கண் எப்படி?

நேயர்களுக்கு வணக்கம். மதுரையில் பல வருடமாகக் கண் மருத்துவம் பார்க்கிறேன். வாலிப வயதில் பார்வை மங்குகிறது என்று யாராவது வந்தால், "தாய்மாமன் கண் எப்படி?" என்று கேட்பேன். காதுகுத்துக்கு மடி, சடங்குக்குச் சீர் என்றே மாமனை நினைத்திருப்பவர்கள் முழிப்பார்கள்.

உசிலம்பட்டிப் பக்கமிருந்து ஒரு பையன் அம்மாவோடு வந்தான். "பஸ் போர்டுல ஓரத்து எழுத்து தெரியுது சார், நடுவுலதான் புகை அடைச்ச மாதிரி இருக்கு" என்றான். வலி இல்லை, சிவப்பு இல்லை. முதலில் ஒரு கண், சில வாரத்தில் மற்றதும். மாமனைப் பற்றிக் கேட்டதும் அந்த அம்மா, "என் தம்பிக்கும் இந்த வயசுலதான்யா போச்சு. சாமி குத்தம்னாங்க" என்றார். ரத்தப் பரிசோதனையில் லெபர் நோய் என்று தெரிந்தது. குடும்ப வழியாக வந்து கண் நரம்பைப் பாதிக்கிற நோய் அது. தியோடர் லெபர் என்ற ஜெர்மன் மருத்துவர் 1871-லேயே இதை விவரித்துவிட்டார். மரபணுக் காரணம் பிடிபட்டது 1988-ல், அமெரிக்காவில் டக்ளஸ் வாலஸ் குழுவினரால்.

நம் உயிரணுக்களுக்குள் மைட்டோகாண்ட்ரியா என்று ஒன்று உண்டு. சாப்பாட்டைச் சக்தியாக்கும் அடுப்பு. அதற்கென்று தனியாக 37 மரபணுக்கள். அவை அம்மாவிடமிருந்து மட்டுமே பிள்ளைக்கு வரும். லெபர் நோயின் கோளாறு அங்கேதான். சக்தி அதிகம் தேவைப்படும் கண் நரம்பு முதலில் அடிவாங்குகிறது. கோளாறு இருக்கிற எல்லாருக்கும் பார்வை போவதில்லை. போகிறவர்களில் ஆண்கள்தான் அதிகம். அதனால்தான் அக்கா கண் நன்றாக இருக்கும், தம்பிக்குப் போயிருக்கும், அக்கா மகனுக்கும் போகும்.

அந்த மாமனுக்கு ஒரு மகள். அப்பனுக்குக் கண் தெரியாது, பிள்ளைகளுக்கும் வரும் என்று அவளுக்குப் பேசிய சம்பந்தம் தட்டிப்போயிருந்தது. தலைகீழான நியாயம்! அவர் வெளியில் பெண் எடுத்தவர். அவரிடமிருந்து மகளுக்கு இது போகவே போகாது. மாப்பிள்ளை வீட்டாரையே வரச்சொல்லிப் பேசினேன். திரும்பவும் சொல்கிறேன், நோயுள்ள ஆணின் பிள்ளைகளுக்கு அவர் வழியாக இது வராது. அக்கா மகளையே கட்டியிருந்தால் கதை வேறு. அப்போது அந்தப் பெண் வழியாக வரும். அதற்காக அம்மாவைப் பழிக்கிற வீடுகளைப் பார்க்கிறேன். அவளென்ன கேட்டு வாங்கியா வந்தாள்?

எல்லா மைட்டோகாண்ட்ரியா நோயும் தாய்வழி மட்டுமல்ல. குழந்தைகளுக்கு வருகிற பலவற்றில் அப்பா, அம்மா இருவரிடமும் கோளாறு மறைந்திருக்கும். அங்கே சொந்தத்தில் கட்டுவது ஆபத்தைக் கூட்டும். அதை இன்னொரு நாள் விரிவாகப் பேசணும்.

ஆராய்ச்சியைப் பற்றி நிறைய எழுதி வந்திருந்தேன், ஒலிப்பதிவு அறைக் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நேரமாச்சு என்று கைகாட்டுகிறார்கள். லெபர் நோய்க்கான ஐடிபெனோன் மாத்திரைக்கு ஐரோப்பாவில் 2015-ல் அனுமதி கிடைத்தது. சிலருக்குப் பார்வை ஓரளவு திரும்புகிறது. தாயின் கோளாறு பிள்ளைக்குப் போகாமல், வேறொரு பெண்ணின் கருமுட்டை உதவியோடு கருத்தரிக்கவைக்கும் முறையில் எட்டுக் குழந்தைகள் பிறந்ததாக 2025-ல் இங்கிலாந்திலிருந்து செய்தி வந்தது. நம் அரசும் 2021-ல் அரிய நோய்களுக்கென்று ஒரு கொள்கை கொண்டுவந்திருக்கிறது.

கடைசியாக ஒன்றே ஒன்று. குடும்பத்தில் இந்த நோய் இருந்தால் பீடி, சிகரெட், சாராயம் வேண்டாம். காசநோய்க்கு மருந்து எடுக்கவேண்டி வந்தால் முதலிலேயே டாக்டரிடம் சொல்லிவிடுங்கள். அதில் எத்தாம்புடால் என்ற மாத்திரை கண் நரம்பைப் பாதிக்கக்கூடியது. நீங்களாக நிறுத்திவிடாதீர்கள், அவர் பார்த்து மாற்றித் தருவார். வணக்கம்.