ஒரு புள்ளியில் நழுவும் ஆட்டம்

நேயர்களுக்கு வணக்கம்.

கல்லூரிகளுக்கு இடையேயான கூடைப்பந்துப் போட்டி தஞ்சாவூரில் நடந்தாலும் திருச்சியில் நடந்தாலும், ஓர் அணி ஒரு புள்ளியில் தோற்று வெளியே வரும்போது காதில் விழும் பேச்சு ஒன்றுதான். "அந்தக் கடைசி பந்து விழுந்திருந்தா ஜெயிச்சிருக்கலாம்." பந்தை விட்ட பையன் துண்டை முகத்தில் போட்டுக்கொண்டு ஓரமாக உட்கார்ந்திருப்பான். அவன்மேல் விழுகிற அந்தப் பழி நியாயமில்லை. கடைமடைக்குத் தண்ணீர் வந்து சேரவில்லை என்றால் கடைமடையில் நின்று பார்த்து என்ன ஆகப்போகிறது? மேலே போய், வரப்பில் எங்கே நண்டு வளை இருக்கிறது என்று தேட வேண்டும். தோற்ற ஆட்டத்திலும் அப்படித்தான் தேட வேண்டும். அதற்கு ஸ்கோர் ஷீட் போதும்.

ஸ்கோர் ஷீட்டில் முதலில் ஃப்ரீ த்ரோவைப் பாருங்கள். எதிரணி விதியை மீறி மோதினால், அதாவது ஃபவுல் செய்தால், யாரும் மறிக்காமல் கோட்டில் நின்று வீசக் கிடைக்கும் பந்து அது, விழுந்தால் ஒரு புள்ளி. 100-க்கு 70 போடுகிற பையனை நாம் நல்ல ஆட்டக்காரன் என்கிறோம். அவன் இரண்டு வீசினால் இரண்டும் விழ வாய்ப்பு 100-க்கு 49தான், பாதிகூட இல்லை. 60 போடுகிறவனுக்கு அது 36. பாதிக்குப் பாதி போடுகிறவனுக்கு வெறும் 25. ஒரு புள்ளியில் தோற்ற அணி ஆட்டம் முழுக்க ஏழெட்டு ஃப்ரீ த்ரோவை விட்டிருந்தால், கடைசி பந்தைப் பற்றிப் பேச வேண்டிய அவசியமே இல்லை.

ஏன் விடுகிறார்கள்? கோட்டிலிருந்து போர்டு 4.6 மீட்டர். ரிங் 3.05 மீட்டர் உயரம். பயிற்சியிலும் இதே தூரம், இதே உயரம்தான். மாறுவது கால். நான்காவது குவார்ட்டரில், அதாவது கடைசிப் பத்து நிமிடத்தில், முழங்கால் மடங்காது. காலிலிருந்து வர வேண்டிய விசை வராததால் கை மட்டும் தள்ளும், பந்து தாழ்வாகப் போய் ரிங்கின் முன் விளிம்பில் 'டங்' என்று பட்டுத் திரும்பும். பக்கவாட்டில் போகிற பந்து கையின் தவறு. முன் விளிம்பில் படுகிற பந்து பெரும்பாலும் காலின் களைப்பு. உட்கார்ந்து பார்ப்பவர்கள் அதைப் பயம் என்று நினைத்துவிடுகிறார்கள்.

நம் கல்லூரிகளில் பயிற்சி முடிந்ததும் வரிசையாக நின்று ஆளுக்கு 50 வீசும் வழக்கம் உண்டு. பத்தாவது பந்திலேயே கை பழகிவிடும், பிறகு விழுந்துகொண்டே இருக்கும். ஆட்டத்தில் அப்படி 50 யார் தருவார்கள்? ஓடி, மோதி, மூச்சு வாங்க வந்து நிற்பவனுக்குக் கிடைப்பது இரண்டே இரண்டு. பயிற்சியையும் அப்படியே வையுங்கள். மைதானத்தின் 28 மீட்டரை இரண்டு முறை முழு வேகத்தில் ஓடி வந்து இரண்டு வீச வேண்டும். மறுபடி ஓட்டம், மறுபடி இரண்டு. பத்துச் சுற்று, 20 பந்து. ஒவ்வொருவருக்கும் எத்தனை விழுந்தது என்று நோட்டில் எழுதி வைத்தால், கடைசி நிமிடத்தில் பந்து யார் கையில் இருக்க வேண்டும் என்பதை ஒரு மாதத்தில் அந்த நோட்டே சொல்லிவிடும்.

அடுத்தது அணியின் ஃபவுல் கணக்கு. ஒரு குவார்ட்டரில் நான்கு வரை பொறுக்கலாம். ஐந்தாவதிலிருந்து, எதிராளி பந்தை வீசாமல் வெறுமனே நின்றுகொண்டிருந்தாலும், அவர்மேல் ஃபவுல் செய்தால் இரண்டு ஃப்ரீ த்ரோ. நான்காவது குவார்ட்டர் தொடங்கி மூன்று நிமிடத்துக்குள் நடுக்கோட்டருகே கையை நீட்டி, பின்னாலிருந்து தட்டி, ஒரு பயனும் இல்லாமல் நான்கு ஃபவுலைச் செலவழித்துவிடுகிறார்கள். மீதி ஏழு நிமிடமும் எதிரணிக்கு இலவசமாகப் புள்ளி. ஆட்டம் சமனாகி ஐந்து நிமிடக் கூடுதல் நேரத்துக்குப் போனாலும் அந்தக் கணக்கு அழியாது, நான்காவது குவார்ட்டரின் தொடர்ச்சியாகவே எண்ணப்படும். பெஞ்சில் ஒருவருக்கு இது மட்டுமே வேலையாக இருக்கட்டும்: ஒவ்வொரு ஃபவுலுக்கும் எண்ணை உரக்கச் சொல்ல வேண்டும்.

டைம் அவுட் எனும் சிறு இடைவேளை விஷயத்தில் தொலைக்காட்சி நம் பிள்ளைகளைக் குழப்புகிறது. அமெரிக்காவின் என்.பி.ஏ. ஆட்டத்தில் பந்தைக் கையில் வைத்திருக்கும் ஆட்டக்காரரே டைம் அவுட் கேட்பார். நாம் ஆடுவது ஃபிபா எனும் உலகக் கூடைப்பந்துக் கூட்டமைப்பின் விதி. இங்கே பயிற்சியாளரோ முதல் துணைப் பயிற்சியாளரோதான் ஸ்கோர் எழுதுபவர் மேசையில் கேட்க வேண்டும். அதுவும் பந்து ஆட்டத்தில் ஓடிக்கொண்டிருக்கும்போது கிடைக்காது. விசில் அடித்துக் கடிகாரம் நின்றிருக்க வேண்டும், அல்லது எதிரணி கூடை போட்டிருக்க வேண்டும். ரீபவுண்டை, அதாவது விழாமல் திரும்பி வரும் பந்தை, பிடித்துவிட்டு "டைம் அவுட், டைம் அவுட்" என்று பெஞ்சைப் பார்த்துக் கத்துவதிலேயே மூன்று விநாடி போய்விடும். இரண்டாம் பாதிக்கு மூன்று டைம் அவுட் உண்டு, ஆனால் கடைசி இரண்டு நிமிடத்தில் இரண்டுதான் எடுக்கலாம். சேமித்து வைத்த மூன்றாவது வீண்.

இன்னொரு கண்ணி இருக்கிறது, அனுபவமுள்ள அணிகளே இதில் விழும். கடைசி இரண்டு நிமிடத்தில் எதிரணி கூடை போட்டதும் நாம் டைம் அவுட் எடுத்தால், பந்தை நம் பாதியான பின்பாதியிலிருந்து போடாமல், நாம் கூடை போடும் முன்பாதிக்குக் கொண்டுபோய்ப் போடலாம். வசதிதான். ஆனால் அப்படிச் செய்தால் ஷாட் கிளாக், அதாவது கூடையை நோக்கி வீசுவதற்குத் தரும் விநாடி, 24 இல்லை, 14. ஒரு புள்ளி பின்தங்கியிருக்கிறோம், 20 விநாடி மீதி என்று வைத்துக்கொள்வோம். முன்பாதியில் பந்தைப் போட்டால் 14 விநாடிக்குள் வீசியாக வேண்டும், மீதி ஆறு விநாடி எதிரணிக்கு. கடைசி வீச்சு நமதாக இருக்க வேண்டுமென்றால் பின்பாதியிலிருந்தே தொடங்க வேண்டும். எட்டு விநாடிக்குள் நடுக்கோட்டைத் தாண்ட வேண்டும், அவ்வளவுதான். மீதி ஐந்து விநாடிதான் என்றால் யோசிக்காமல் முன்பாதிக்குப் போங்கள்.

கணக்குத் தெரியாமல் அடிக்கிற ஃபவுலும் உண்டு. இரண்டு புள்ளி பின்தங்கியிருக்கிறோம், 40 விநாடி மீதி, எதிரணி கையில் பந்து இப்போதுதான் வந்தது. உடனே ஓடிப்போய் ஃபவுல் செய்கிறார்கள். எதற்கு? அவர்கள் 24 விநாடிக்குள் வீசியே ஆக வேண்டும், அதற்குப் பிறகும் நமக்கு 16 விநாடி இருக்கிறது. அந்த 24 விநாடி ஒழுங்காகத் தடுத்து, ரீபவுண்டை எடுத்தால் போதும். 26 விநாடிதான் மீதி என்றால் கதை வேறு, அப்போது ஃபவுல் செய்யத்தான் வேண்டும். அதையும் ஃப்ரீ த்ரோ குறைவாகப் போடுகிறவர் என்று தெரிந்த ஆள்மேல் செய்ய வேண்டும். பந்தை நோக்கிக் கை போக வேண்டும். சட்டையைப் பிடித்து இழுத்தால் அன்ஸ்போர்ட்ஸ்மேன்லைக், அதாவது ஆட்ட ஒழுங்குக்கு மாறான ஃபவுல், இரண்டு ஃப்ரீ த்ரோவோடு பந்தும் அவர்களுக்கே.

ரீபவுண்ட் என்றதும் ஒன்று சொல்ல வேண்டும். எதிரணி கடைசி ஃப்ரீ த்ரோவைத் தவறவிடுகிறது. ரீபவுண்டுக்காக இருபக்கமும் வரிசையாக நிற்பதில், ரிங்கை ஒட்டிய உள்பக்கத்து இரண்டு இடமும் நம்முடையது, நம்மவர்கள் மூன்று பேர், அவர்கள் இரண்டு பேர். அப்படியும் பந்து அவர்களுக்கே போகிறது. வீசியவரை யாரும் மறிக்காததுதான் காரணம். நம் ஐந்து பேரும் அண்ணாந்து பந்தையே பார்த்துக்கொண்டிருக்க, வீசியவர் இரண்டடி உள்ளே வந்து எடுத்துவிடுவார். மூன்றாவது இடத்தில் நிற்பவரின் வேலை பந்து ரிங்கில் பட்டதும் திரும்பி வீசியவர் முன்னால் முதுகைக் கொடுத்து நிற்பது மட்டுமே.

டெல்டாவுக்கே உரிய ஒரு சங்கடமும் உண்டு. ஐப்பசி கார்த்திகையில் சிமெண்ட் தளத்தில் தண்ணீர் நின்று வாரக்கணக்கில் பயிற்சி போய்விடுகிறது. மழை விட்டதும் போட்டி வந்தால் திறமை அப்படியே இருக்கும், மூச்சு மட்டும் இருக்காது. முப்பது நிமிடம் நன்றாக ஆடி முன்னிலையில் இருந்த அணி கடைசிப் பத்து நிமிடத்தில் சரிவதற்கு இதுதான் பெரிய காரணம். கல்லூரித் தாழ்வாரம் போதும்: இருபது நிமிடம் ஸ்கிப்பிங், மாடிப்படி ஓட்டம், சுவரில் மார்பு உயரத்துக்குப் பாஸ். தை மாத மின்னொளிப் போட்டிகளில் எட்டு மணிக்கு மேல் பனி இறங்கித் தளம் வழுக்கும். பெஞ்சில் இரண்டு உலர்ந்த துண்டு வேண்டும், ஒன்று பந்துக்கு, ஒன்று ஷூவின் அடிப்பாகத்துக்கு. மயிலாடுதுறையிலிருந்து விடியற்காலை பஸ் ஏறித் திருச்சிக்கு ஆட வருகிற பையன்களை வெறும் வயிற்றோடு இறக்காதீர்கள். ஆட்டத்துக்கு இரண்டு மணி நேரம் முன்பு நாலு இட்லி, உப்புப் போட்ட நீர்மோர், அது போதும்.

கடைசியாக ஒரு பயிற்சி. வாரம் மூன்று நாள், களைத்துப்போன பிறகு, பலகையில் எழுதுங்கள்: 58-57, 40 விநாடி, நான்கு ஃபவுல், ஒரு டைம் அவுட். இரண்டாகப் பிரிந்து ஆட விடுங்கள். ஷாட் கிளாக் இல்லாவிட்டால் ஒருவர் விநாடியை உரக்க எண்ணட்டும். கடைசி வீச்சுக்கான ஆட்டத்தை ஒன்பது விநாடி இருக்கும்போது தொடங்கி, நான்கு இருக்கும்போது பந்து கையை விட்டிருக்க வேண்டும். விழாத பந்தை மறுபடி எடுத்துப் போட அந்த நான்கு விநாடி வேண்டும். முடிந்ததும் அணிகளை மாற்றி, 57 எடுத்தவர்களை 58-இல் நிறுத்தி, அதே 40 விநாடியை மறுபடி ஆட விடுங்கள்.

வணக்கம்.