வாடையே பாய்க்கு உயிர்

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, இந்தக் கூதலிலும் கடற்கரை மணலை விட்டு எழாமல் அமர்ந்திருக்கும் திருகோணமலைப் பெருமக்களே, அனைவருக்கும் என் பணிவான வணக்கம்.

திருகோணமலைக் கடலில் பாய்ப்படகு ஓட்டி இன்புற உகந்தது தென்மேற்குக் காற்று வீசும் சோளகக் காலமா, வடகிழக்குக் காற்று வீசும் வாடைக் காலமா என்பது இன்றைய வழக்கு. எதிரணித் தலைவர் மூன்று காரணங்களைச் சொன்னார். சித்திரை முதல் புரட்டாதி வரை நம் கடல் கண்ணாடிபோல் கிடக்கிறது. நிலாவெளிக்கு அப்பாலுள்ள புறாமலைத் தீவின் பவளப்பாறைகள் தெளிவாகத் தெரிகின்றன. வாடையிலோ கடல் கலங்கிக் கொந்தளித்து உயிருக்கு ஆபத்தாகிறது என்றார். அவருடைய இரண்டாவது காரணத்தை நான் மறுக்கவில்லை. பவளம் பார்க்க வேண்டியவர் வைகாசியில்தான் புறாமலைக்குப் போக வேண்டும். ஆனால் நடுவர் அவர்களே, பவளம் பார்ப்பவர் தண்ணீருக்குள் பார்க்கிறார். பாய் ஓட்டுபவர் காற்றைப் பார்க்கிறார். நம் வழக்கு பாயைப் பற்றியது.

கண்ணாடிபோல் கிடக்கும் கடலில் பாய் என்ன செய்யும்? மரத்தோடு ஒட்டித் தொங்கும். சோளகக் காலத்துக் காலைப்பொழுதுகளில் நம் கரையில் பெரும்பாலும் நிகழ்வது அதுதான். பிறகு வெயில் ஏறியதும் மேற்கே தரையிலிருந்து கச்சான் காற்று எழும். தென்மேற்குப் பருவக்காற்று தன் மழையை மலைநாட்டின் மேற்குச் சரிவுகளில் கொட்டிவிட்டு, ஈரம் இழந்து, சூடேறிய நிலத்தின்மீது நெடுந்தூரம் கடந்து நம்மிடம் வருகிறது. ஆனி மாதத்தில் நம் நகரின் பகல் வெப்பம் சராசரியாக 35 பாகையைத் தொடுவதற்கு இதுவும் ஒரு காரணம். காடும் மேடும் தாண்டி வருவதால் அந்தக் காற்று ஒரு நிலையில் நிற்பதில்லை. ஒரு கணம் ஓய்ந்திருந்து மறுகணம் அறைந்து வீசும். பாயை இழுத்துப் பிடிக்கும் தாமான் கயிற்றைப் பிடித்திருப்பவனுக்கு அதில் இன்பம் இல்லை, அலுப்புத்தான் உண்டு.

ஆபத்து என்ற சொல்லுக்கும் இங்கேயே விடை சொல்ல விரும்புகிறேன், ஏனெனில் அதை நான் பட்டறிந்தவன். பல ஆண்டுகளுக்கு முன், ஓர் ஆவணி மாதத்துப் பிற்பகலில், நானும் என் மைத்துனரும் நிலாவெளிக் கரையிலிருந்து சிறிய பாய்ப்படகொன்றில் புறப்பட்டோம். கடல் எதிரணித் தலைவர் சொன்னபடியே அமைதியாக இருந்தது. சுக்கானின் கைப்பிடி முறிந்தது. அந்தச் சிறு பழுதுக்குப் பிறகு கச்சான் எங்களைக் கிழக்கே, வங்கக்கடலின் நடுவை நோக்கித் தள்ளத் தொடங்கியது. பாயை இறக்கிய பின்னும் தள்ளிக்கொண்டே இருந்தது. வலை ஏற்றிவந்த படகொன்று கயிறு வீசி எங்களை இழுத்து வந்திராவிட்டால் இன்று இந்த மேடையில் நான் இல்லை. சோளகத்தில் காற்று கரையிலிருந்து கடலுக்குப் போகிறது; வாடையில் கடலிலிருந்து கரைக்கு வருகிறது. அலையின் உயரத்தை மட்டும் பார்த்து ஆபத்தை அளப்பவர்கள் இந்த வேறுபாட்டையும் கணக்கில் எடுக்க வேண்டும்.

அதே நேரத்தில் வாடைக்காலம் முழுவதையும் நான் கேட்கவில்லை. கார்த்திகையும் மார்கழியின் முற்பகுதியும் புயலுக்குரியவை. 2020 டிசம்பர் 2 ஆம் திகதி புரெவி சூறாவளி நமக்கு வடக்கே, குச்சவெளி திரியாய்ப் பக்கமாகக் கரையேறியதை இங்குள்ள எவரும் மறந்திருக்க முடியாது. வளிமண்டலவியல் திணைக்களம் எச்சரிக்கை விடுத்த நாளில் படகைத் தொடுவது அறிவீனம். நிலாவெளி, குச்சவெளி போன்ற திறந்த கரைகளில் வாடை அலைக்கு எதிராகப் படகு இறக்குவதையும் நான் பரிந்துரைக்கவில்லை. திருவெம்பாவை முடிந்து, மழை தணிந்து, வாடை ஒரே சீராக நின்று வீசும் தை, மாசி மாதங்களையே கேட்கிறேன். இடமாக உட்துறைமுகத்தையும் அதற்கு வெளியே மூதூர் வரை விரியும் கொட்டியாரக் குடாவையும் கேட்கிறேன்.

நடுவர் அவர்களே, இந்த இடத்தில் வரலாறு என் அணியில் நின்று சாட்சி சொல்கிறது. திருகோணமலையை உலகம் தேடி வந்தது எதற்காக? கிழக்கிந்தியக் கம்பனியின் ஆன் என்ற கப்பல் 1659 நவம்பரில் மசூலிப்பட்டினத்தருகே புயலில் பாய்மரத்தை இழந்து, புதிய பாய்மரம் நடுவதற்காகக் கொட்டியாரக் குடாவுக்கு வந்தது. அதில் வந்த இளைஞர் ரொபேர்ட் நொக்ஸ் 1660 இல் கண்டி மன்னனின் ஆட்களிடம் சிறைப்பட்டது பின்னர் நிகழ்ந்தது. எனக்கு வேண்டியது, முறிந்த கப்பலொன்று வாடைக்காலத்தில் எந்த நீரை நம்பியது என்பது. அந்நாளில் சென்னைக் கரையில் ஒதுங்கத் துறைமுகம் கிடையாது. ஒக்டோபரில் காற்று மாறியதும் அங்கு நின்ற கப்பல்கள் நங்கூரம் பெயர்த்து அகல வேண்டும். 1782 ஆகஸ்டில் பிரெஞ்சுத் தளபதி சுஃப்ரென் திருகோணமலையைக் கைப்பற்றியபோது, ஆங்கிலேயத் தளபதி ஹியூஸ் அந்தப் பருவத்தைக் கழிக்கத் தம் கப்பல்களோடு இந்தியாவைச் சுற்றிப் பம்பாய் வரை போக நேர்ந்தது. வல்லரசுகள் இந்த ஊருக்காக மோதியது, வாடை வீசும்போது இங்கே நிற்கலாம் என்பதற்காகத்தான். எதிரணியினர் பருவம் முடிந்துவிட்டது என்று சொல்லும் மாதங்களில்தான் நம் துறைமுகம் தன் பெயரைச் சம்பாதித்தது.

இன்றும், மலேசியா, தாய்லாந்துப் பக்கமிருந்து மேற்கே செல்லும் நெடுந்தூரப் பாய்ப்படகுகள் ஜனவரி முதல் மார்ச் வரையில்தான் வங்கக்கடலைக் கடக்கின்றன. வாரக்கணக்கில் கடலில் கிடப்பவர்கள் தேர்ந்தெடுக்கும் காற்றைவிட நல்ல சான்று எனக்குக் கிடைக்காது.

இனி இன்பத்துக்கு வருகிறேன், தலைப்பே அதுதான். தை மாதத்து விடிகாலையில் உட்துறைமுகத்திலிருந்து புறப்படுகிறோம் என்று வைத்துக்கொள்ளுங்கள். பகலிலேயே வெப்பம் 28 பாகையைத் தாண்டாத காலம். விடியலில் தோளுக்கு ஒரு துவாய் வேண்டியிருக்கும். மலைகள் காற்றை மறைத்திருப்பதால் உள்ளே நீர் அசையாது. துறைமுக வாயிலிலுள்ள ஒஸ்ரன்பேர்க் முனையைத் தாண்டிக் குடாவுக்குள் படகின் முன்புறமான அணியம் நுழையும் அந்த ஒரு நிமிடத்தில் வாடை இடத்தோளில் வந்து தொடும்; பாய் ஒரு தட்டுத் தட்டிப் புடைக்கும்; படகு சாய்ந்து, இவ்வளவு நேரமும் உறங்கிக் கிடந்தது போல, ஓடத் தொடங்கும். காற்று பலமானால் பாயைச் சுருக்கிக் கட்டிக்கொள்கிறோம். மூதூர் தெற்கே இருப்பதாலும் காற்று வடகிழக்கிலிருந்து வருவதாலும், போகும்போது இடப்பக்கம், திரும்பும்போது வலப்பக்கம் என்று காற்றை வாங்கி, ஒவ்வொரு வழியிலும் பாயை மாற்றாமல் ஒரே கட்டில் போய்வரலாம். எதிர்காற்றை வெட்டி வெட்டி முன்னேறும் வேலை இல்லை. மூதூருக்கு லாஞ்சில் போய்வந்த தலைமுறை இந்த அலையை அறியும்; அதை இயந்திர ஓசை இல்லாமல் கேட்பது வேறொரு அனுபவம்.

தண்ணீர் கலங்கியிருக்கிறது என்றார் எதிரணித் தலைவர். கலங்கத்தான் செய்கிறது. 335 கிலோமீற்றர் ஓடிவந்த மகாவலி அந்தக் குடாவில் கலக்கும்போது, மாரியின் செம்மண்ணையெல்லாம் கொண்டுவருகிறது. குடாவின் நடுவில் பழுப்பு நீரும் நீல நீரும் கோடு கிழித்ததுபோல் பிரிந்து நிற்கும். அந்தக் கோட்டில் நுரையும் சருகும் ஆற்றுவாழையும் மிதக்கும். அதன் ஓரமாகப் பறவைகள் இறங்கி மீன் தேடும். அந்தக் கோட்டைக் கடந்து நீலத்துக்குள் புகுவது கண்ணாடிக் கடல் தர முடியாத காட்சி. உல்லாசப் படகுகள் கரையேறிவிட்டன. சோளகத்துக்கு மேற்குக் கரையிலிருந்து வந்த மீனவர்களும் ஊர் திரும்பிவிட்டார்கள். குடா முழுவதும் நம்முடைய பாயும், தூரத்தில் ஓரிரு வள்ளங்களும்தான்.

என் பெரியப்பா பாய் வள்ளத்தில் தொழில் செய்தவர். பிற்காலத்தில் வள்ளத்துக்கு இயந்திரம் பூட்டிய பிறகும், தை பிறந்தால் ஒரு நாளாவது பழைய பாயை எடுத்து விரித்துவிட்டுத்தான் மடித்து வைப்பார். அந்தப் பாயின் உப்பு மணத்தோடு வளர்ந்தவன் நான். வருகிற மாசியில் உட்துறைமுகத்திலிருந்து மூதூருக்கு ஒருமுறை போய்வர எண்ணியிருக்கிறேன். நடுவர் அவர்களுக்கும் எதிரணித் தலைவருக்கும் படகில் இடமுண்டு. துவாய் மட்டும் கொண்டுவாருங்கள்.

நன்றி, வணக்கம்.