ஆனை வாங்கினால் அங்குசமும் வேண்டும்

(திருகோணமலையில் நெல்லாலை உரிமையாளர்களும் தொழில்நுட்ப மாணவர்களும் கூடிய கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

மதிப்புக்குரிய தலைவர் அவர்களே, பெரும்போக வேலைகளுக்கு நடுவிலும் நேரம் ஒதுக்கி வந்திருக்கும் மாவட்டச் செயலகத்துப் பெரியவர்களே, விவசாயத் திணைக்கள உத்தியோகத்தர்களே, கோணேசபுரி பல்கலைக்கழக வளாகத்திலிருந்து மாணவர்களை பஸ் பிடித்து அழைத்துவந்த விரிவுரையாளர்களே, வணிகர் சங்கத்தாரே, கிண்ணியாவிலிருந்தும் மூதூரிலிருந்தும் வந்திருக்கும் ஆலை முதலாளிமாரே, எல்லோருக்கும் வணக்கம், அஸ்ஸலாமு அலைக்கும், ஆயுபோவன். பொன்னாடை போர்த்திய சங்கத்தின் மூத்த உறுப்பினர் ஐயாவுக்குத் தனியாக நன்றி சொல்ல வேண்டும். இந்த வயதிலும் மேடைப் படி ஏறி வந்து போர்த்தினார். அந்த அன்புக்கு நான் கடமைப்பட்டவன்.

தானியங்கி மெசின்களும் செயற்கை நுண்ணறிவும் நம் தொழில்களை என்ன செய்கின்றன என்று பேசச் சொன்னார்கள். நெல், துறைமுகம், சீமெந்தும் மாவும், கடற்றொழில் என்று நான்காகப் பிரித்திருக்கிறேன். தொடங்குமுன் ஒரு பழமொழி. ஆனை கொடுத்தும் அங்குசத்துக்குப் பிணக்கோ என்பார்கள் நம் முன்னோர். இன்றைக்கு அதைப் பல தடவை சொல்வேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நெல்லில் தொடங்குகிறேன். அருவி வெட்டிக் கட்டுக் கட்டி நெற்போராகச் சூடு வைத்த காலத்தில் நெல் வயலிலேயே காய்ந்து, வாரக்கணக்காகச் சிறுகச் சிறுக ஆலைக்கு வந்தது. வெட்டு மெசின் வந்த பிறகு தம்பலகாமத்திலும் கந்தளாயிலும் காலையில் வயலில் நின்ற நெல் மாலையில் மூட்டையில் இருக்கிறது. ஈரப்பதம் 20 வீதத்துக்கும் மேல். ஆலைக்கு வேண்டியதோ 14 வீதம். எல்லா வயலும் ஒரே கிழமையில் வெட்டப்படுவதால் காயப்போட இடமில்லை, தார் வீதியில் பரப்புகிறோம். வீதியில் பரப்பினால் கல் சேருகிறது, வெயில் கூடினால் மணி வெடிக்கிறது. கல்லை எடுக்கக் கல் நீக்கும் மெசின், கறுத்த மணியை எடுக்க நிறம் பிரிக்கும் மெசின். ஒரு மெசின் வந்தால் அது அடுத்த மெசினைக் கூப்பிடும். இந்தச் சங்கிலியைப் பார்க்காமல் ஒன்றை மட்டும் வாங்கியவர்கள்தான் கடன்பட்டிருக்கிறார்கள்.

கலர் சோட்டர் என்கிற இந்த நிறம் பிரிக்கும் மெசின் இருக்கிறதே, செயற்கை நுண்ணறிவு நம் மாவட்டத்துக்குள் வந்த வாசல் அதுதான். அரிசி சரிவான தகட்டில் வழுக்கி ஒரு கண்ணாடிக்கு முன்னால் விழுகிறது. கமெரா ஒவ்வொரு மணியையும் பார்க்கிறது. பழுது என்று கண்டால் சில அங்குலம் கீழே இருக்கும் வால்வு கண்ணிமைக்கும் நேரத்திலும் குறைவாகத் திறந்து, காற்றை ஊதி அந்த ஒரு மணியைத் தள்ளிவிடுகிறது. நல்ல அரிசி ஒரு பிடி, கெட்ட அரிசி ஒரு பிடி காட்டி அதற்குப் படிப்பிக்கிறார்கள். காட்டியதைத்தான் அது அறியும், காட்டாததை அறியாது.

ஓர் ஆலையில் நடந்ததைக் கேளுங்கள். பெயர் வேண்டாம். முதலாளி வங்கிக் கடன் எடுத்து மெசினை இறக்கினார், பூசை போட்டார். கையேடு ஆங்கிலத்திலும் சீனத்திலும் இருந்தது. பொலித்தீன் உறை பிரிக்காமல் லாச்சிக்குள் போனது. இரண்டு மாதம் வெள்ளைச் சம்பா ஓடியது, குறையில்லை. ஒரு திங்கட்கிழமை சிவப்பு நாட்டரிசி லோட் வந்தது. பொடியன் வழமைபோல சுவிட்சைப் போட்டான். தகரக் கூரையில் மழை கொட்டுவதுபோல வால்வுகள் எல்லாம் ஒரேயடியாக அடித்தன. வெள்ளைக்குப் படிப்பித்த மெசினுக்குச் சிவப்பு மணி ஒவ்வொன்றும் பழுது! அவ்வளவு அரிசியும் கழிவு வாயில் கொட்டியது. இத்தனை வால்வுக்கும் காற்றுக் கொடுக்க கொம்பிரசரால் முடியுமா? காற்றழுத்த மீற்றர் 6 பாரிலிருந்து 3க்கு இறங்கியது. அதற்குப் பிறகு ஊத்துக்குப் பலமில்லை. கல்லும் கறுப்பும் எல்லாம் நல்ல வாயில் விழுந்தன.

முதலாளி முதலில் மெசினை ஏசினார். பக்கத்து வளவு அம்மா வந்து நாவூறு என்றா. தேசிக்காயும் மிளகாயும் கட்டியாயிற்று. பிறகு கொழும்புக்குப் போன். திருத்துபவர் நான்காம் நாள் இரவு பஸ்ஸில் வந்து இறங்கினார். அதற்குள் தொட்டியில் ஊறப்போட்ட நெல் புளித்து, வளவு முழுக்க நாற்றம். அவர் செய்தது என்ன தெரியுமா? திரையில் மூன்று தட்டுத் தட்டி வேறு அரிசியைத் தெரிந்தெடுத்தார். கண்ணாடியில் படிந்த தவிட்டை உலர்ந்த துணியால் துடைத்தார். அரை மணித்தியாலம். பயணக்காசு, தங்கும் காசு, கூலி எல்லாம் சேர்த்து பில். அந்தப் பொடியன் கெட்டிக்காரன். திருத்துபவரின் விரலையே பார்த்துக்கொண்டு நின்று, அவர் போனதும் ஒரு துண்டு டேப் வெட்டி மெசினில் ஒட்டி எழுதினான்: ‘வெள்ளை 1, சிவப்பு 3’. அந்த ஆலையின் தமிழ்க் கையேடு அந்த டேப் துண்டுதான். ஆனை வாங்கியாயிற்று, அங்குசத்துக்குப் பிணக்கோ?

வந்திருக்கும் ஆலைக்காரருக்காக இதையும் சொல்லிவிடுகிறேன், எழுதிக்கொள்ளுங்கள். காலையில் மெசினைத் தொடுமுன் கொம்பிரசர் தாங்கியின் அடியிலுள்ள குழாயைத் திறந்து தண்ணீரை விடுங்கள். கடற்காற்று ஊர் இது, காற்றோடு ஈரம் வரும். ஈரமும் தூசியும் சேர்ந்தால் வால்வின் வாய் களியாகி அடைக்கும். கண்ணாடியை ஈரத் துணியால் துடைக்க வேண்டாம், கறை பிடிக்கும், கமெரா அந்தக் கறையையும் கறுத்த மணி என்று எண்ணும். வால்வுச் சோதனையைப் போட்டுக் காது கொடுத்துக் கேளுங்கள், ‘டிக்’ என்று சொல்லாத வால்வுக்கு நேரே கோடு போட்டு வையுங்கள். விளக்குகள் சூடேறும் வரை பொறுத்து, பத்துக் கிலோ மட்டும் ஓட விடுங்கள். கழிவிலிருந்து 100 கிராம் எடுத்துத் தாளில் பரப்பிப் பிரியுங்கள். நல்ல மணி கூடப் போயிருந்தால் மெசின் பழுது பிடிக்கும் கூர்மையைக் குறையுங்கள். நல்ல பக்கத்தில் கறுப்புத் தெரிந்தால் கூர்மையை ஏற்ற வேண்டாம், முதலில் அரிசி விழும் வேகத்தைக் குறைத்துப் பாருங்கள். மணி ஒன்றின்மேல் ஒன்று விழுந்தால் எந்தக் கமெராவுக்கும் தெரியாது. எர்த் கம்பியையும் ஒருக்கால் பாருங்கள்.

துறைமுகத்துக்கு வருவோம். 1956 ஏப்ரல் 26ஆம் தேதி மால்கம் மெக்லீன் என்ற அமெரிக்க லொறி முதலாளி, பழைய எண்ணெய்க் கப்பல் ஒன்றின் மேல்தளத்தில் 58 கொள்கலன் பெட்டிகளை ஏற்றி நியூவார்க்கிலிருந்து ஹியூஸ்டனுக்கு அனுப்பினார். தோளில் சுமந்து ஏற்றினால் தொன் ஒன்றுக்கு 5 டொலர் 86 சதம். பெட்டியில் ஏற்றினால் 16 சதம். துறைமுகக் கூலியாட்களின் வாழ்க்கை அந்தக் கணக்கில் புரண்டது. ஆனால் அமெரிக்காவின் மேற்குக் கரையில் துறைமுகத் தொழிலாளர் தலைவர் ஹரி பிரிட்ஜஸின் சங்கம் 1960இல் என்ன செய்தது? மெசினை மறிக்கவில்லை. மெசின் வரட்டும், அதன் இலாபத்தில் எங்களுக்குப் பங்கு வை என்றது. ஆண்டுக்கு 50 இலட்சம் டொலர் நிதியும் வேலை உத்தரவாதமும் வாங்கியது. 1993இல் நெதர்லாந்தின் றொட்டர்டாம் துறைமுகத்தில் ஓட்டுநர் இல்லாத வண்டிகள் பெட்டி இழுக்கத் தொடங்கின. 2025இல் கொழும்பு மேற்கு முனையமும் தானியங்கி கிரேன்களோடு திறந்தது. நம் சீனன்குடாவில் மா ஆலைக்குக் கோதுமைக் கப்பலும், சீமெந்து ஆலைக்கு அதன் மூலப்பொருளான கிளிங்கர்க் கப்பலும் வருகின்றன. எண்ணெய்த் தாங்கிகள் 99 நிற்கின்றன. இந்த வேலைகளிலும் சென்சர் என்கிற உணரிகள் வந்தே தீரும். அந்த உணரியைத் துடைப்பது யார், அது பொய் சொல்லும்போது கண்டுபிடிப்பது யார்? ஆலைப் பெயாரிங் ஒன்றின் அதிர்வை உணரி சொல்லும். அது பெயாரிங்கின் குற்றமா, உணரியின் ஆணி கழன்றதா என்று கை வைத்துப் பார்ப்பவன் வேண்டும். அவன் உவர்மலையிலும் மூதூரிலும் இருக்க வேண்டும். கொழும்பு பஸ்ஸுக்காக நாம் காத்திருக்கக் கூடாது.

ஆகவே என் கோரிக்கை. அரச மானியத்திலோ வங்கிக் கடனிலோ இந்த மாவட்டத்துக்கு இறங்கும் எந்த மெசினும் தமிழ்க் கையேட்டோடு இறங்க வேண்டும். ஐந்து நாள் பயிற்சி, உள்ளூர்ப் பிள்ளைகள் இருவருக்கு. அடிக்கடி பழுதாகும் வால்வு, வடிகட்டி, பெல்ட் ஒரு தொகுதி. இவை ஒப்பந்தத்தில் எழுதப்படாவிட்டால் கடைசித் தவணைக் காசு கொடுக்கக் கூடாது. 1987இல் அரசியலமைப்பின் 13ஆம் திருத்தம் தமிழையும் ஆட்சிமொழி ஆக்கியது. அலுவலகப் படிவத்துக்குக் கேட்கும் உரிமையை ஆலையின் சுவிட்ச் பலகைக்கும் கேட்போம். வளாகத்துப் பிள்ளைகளே, நம் கீரிச் சம்பாவையும் சிவப்பு நாட்டரிசியையும் ஆயிரக்கணக்கில் படமெடுத்து, எது பழுது எது நல்லது என்று பெயரிட்டு வையுங்கள். மெசினுக்கு நம் அரிசியைக் காட்டுபவர்கள் நாமாகவே இருக்க வேண்டும். கோடிக்கணக்கில் ஆனை வாங்கும் மாவட்டம் இது, அங்குசத்துக்குப் பிணங்க வேண்டாம் என்று மேடையிலுள்ள பெரியவர்களைக் கைகூப்பிக் கேட்கிறேன்.

கடற்றொழிலுக்கு நேரம் போதவில்லை, மீனவ சங்கத்தார் மன்னிக்க வேண்டும், அடுத்த கூட்டம் உங்களுக்கு. வாசல் மேசையில் இந்தக் கோரிக்கை மனுவின் மூன்று பிரதிகள் இருக்கின்றன, கையெழுத்து வைத்துப் போங்கள். ஆலைக்காரர் ஒவ்வொருவரும் லாச்சிக்குள் இருக்கும் கையேட்டை வரும் சனிக்கிழமை கொண்டுவாருங்கள், பொலித்தீன் உறையோடு கொண்டுவந்தாலும் சரி. பிரதி எடுத்துவிட்டு அன்றைக்கே திருப்பித் தருவோம். முதலில் வால்வுப் பக்கங்களைத் தமிழாக்கத் தொடங்குகிறோம்.